பத்து விரல்கள், மூன்று தொழில்கள்

டேவிட் பிரையன் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு ஆள் யார் என்று பிடிபடாது. பான் ஜோவி என்ற அமெரிக்க ராக் குழுவின் கீபோர்டு கலைஞர் என்றால் பிடிபட்டுவிடும். 1962இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே, பின்னாளில் அந்தக் குழுவின் பாடகரான ஜான் பான் ஜோவியோடு சேர்ந்து உள்ளூர்க் குழுவில் வாசித்தவர். மருத்துவம் படிக்கும் எண்ணத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதைப் பாதியில் விட்டுவிட்டு நியூயார்க்கின் ஜூலியார்டு இசைக்கல்லூரிக்குப் போனார். 1983இல் பான் ஜோவி குழு உருவானது. அன்றிலிருந்து உலகம் சுற்றிக் கச்சேரி செய்து வருகிறார்.

அவருக்கு இன்னும் இரண்டு தொழில்கள் உண்டு. அவர் பாடலாசிரியர், இசை நாடகங்களுக்கு இசையமைப்பவரும்கூட. எழுத்தாளர் ஜோ டிபியத்ரோவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'மெம்ஃபிஸ்' நாடகம், 1950களில் கறுப்பின மக்களின் இசையை வானொலியில் துணிந்து ஒலிபரப்பிய ஒரு வெள்ளைக்கார அறிவிப்பாளரின் கதை. 2003இல் மாசசூசெட்ஸில் முதன்முதலாக மேடையேறி, ஊர் ஊராகத் திருத்தி எழுதப்பட்டு, 2009 அக்டோபரில் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகளின் பகுதியான பிராட்வேக்கு வந்தது. 2010இல் சிறந்த இசை நாடகம் உட்பட, பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருதுகள் நான்கைப் பெற்றது. அவற்றில் சிறந்த பாடலிசைக்கான விருதை டிபியத்ரோவோடும், சிறந்த வாத்திய அமைப்புக்கான விருதை டேரில் வாட்டர்ஸோடும் பிரையன் பகிர்ந்துகொண்டார்.

கைக்கான மறுவாழ்வுச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். சிகிச்சைக்கு வரும் இசைக் கலைஞர்களிடம் பிரையனைப் பற்றி அடிக்கடி பேசுகிறேன். அதற்குக் காரணம் அவருடைய விரல்.

1990களின் இறுதியில், வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது ரம்பம் பட்டு அவருடைய விரல் ஒன்று ஏறக்குறையத் துண்டாகிவிட்டது. நெடுங்காலச் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் பிறகே அவர் பழையபடி வாசிக்கத் தொடங்கினார். மேலே சொன்ன ஆண்டுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'மெம்ஃபிஸ்' மேடையேறியதும் டோனி விருதும் அந்த விபத்துக்குப் பிறகு நடந்தவை. "விரல் போச்சு, இனி வாழ்க்கையே போச்சு" என்று கட்டுப் போட்ட கையோடு என் முன்னால் உட்காருகிறவர்களுக்கு இந்த வரிசையைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

விரல் அறுந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துப் பல விஷயங்கள் தீர்மானமாகின்றன. நம் வீடுகளில் ரத்தத்தைக் கண்டதும் காபித்தூளையோ மஞ்சள்தூளையோ அள்ளி அப்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நுண்ணோக்கியின் கீழ் தலைமுடி அளவு ரத்தக்குழாய்களைத் தேடி இணைக்க வேண்டிய அறுவை மருத்துவர், முதலில் அந்தத் தூளைக் கழுவி எடுப்பதற்கே போராட வேண்டியிருக்கும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை உயர்த்தி வையுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நீர் புகாதபடி கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸ் மீது படக்கூடாது; பட்டால் திசுக்கள் உறைந்து கெட்டுவிடும். விரல் தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தத் தோலை அறுத்துவிட வேண்டாம். உயிர் தரும் ரத்த ஓட்டம் அந்தச் சிறு தோல் வழியாகவே போய்க்கொண்டிருக்கலாம். கை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போவது நல்லது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையும் இதில் பெயர்பெற்றது. நீங்கள் வசிக்கும் ஊருக்கு அருகில் அப்படிப்பட்ட இடம் எது என்பதை இன்றே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. விரலை மடக்கும் தசைநாண்கள், சைக்கிள் பிரேக் கம்பி அதன் உறைக்குள் ஓடுவதுபோல, ஒரு குறுகிய உறைக்குள் வழுக்கி ஓடுகின்றன. தைத்த தசைநாணை அசைக்காமலே விட்டால் உறையோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் தையல் பிரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய வழியில்தான் முதல் ஆறு வாரங்களும் நடக்க வேண்டும். ஸ்பிளின்ட் என்னும் தாங்குபட்டையை அணிந்தபடியே, நாங்கள் சொல்லும் அளவுக்குள், நாளுக்குப் பலமுறை விரலை அசைக்க வேண்டும். முழு பலத்தோடு எதையும் பிடிக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். நரம்பு அறுந்திருந்தால் அது நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். விரல் நுனிக்கு உணர்வு திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும்.

கீபோர்டு கலைஞருக்கு இதோடு முடிவதில்லை. ஒரு டம்ளரைப் பிடிக்க முடிந்தால் மற்றவர்களுக்குப் போதும். இவருக்கோ மோதிர விரல் தனியாக, மெதுவாக, சொன்ன நேரத்தில், சொன்ன அழுத்தத்தில் இறங்க வேண்டும். முதலில் மேஜை மீது விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்வோம். அடுத்து எடை குறைந்த கட்டைகள் உள்ள சிறிய கீபோர்டு. பியானோவைப் போல எடையுள்ள கட்டைகள் கடைசியில்தான் வரும். ஒரே நாளில் வேகத்தையும் கூட்டி அழுத்தத்தையும் கூட்ட அனுமதிப்பதில்லை. ஒன்றைக் கூட்டும் வாரத்தில் மற்றது அப்படியே இருக்கும். கையை அகல விரித்து எட்டாம் சுரத்தைத் தொடுவதை எல்லாவற்றுக்கும் பிறகே அனுமதிப்போம். ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு நிறுத்தச் சொன்னால் கலைஞர்களுக்குக் கண் கலங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்தை நிறுத்தத் தெரிந்தவர்களே கச்சேரி மேடைக்குத் திரும்புகிறார்கள்.

விபத்து அரிது. என்னிடம் வரும் கீபோர்டு கலைஞர்களில் பெரும்பாலோர் வருவது வேறொரு காரணத்துக்காக: ஓய்வில்லாத வேலையால் கையில் வரும் வலி. பல துறைகளில் கால் பதித்தவர்களுக்கே அது அதிகம் வருவதைப் பார்க்கிறேன்.

பிரையனின் 2009, 2010 ஆண்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் பிராட்வேயில் நாடகம் தொடங்குகிறது. நவம்பரில் குழுவின் புதிய ஆல்பம் வருகிறது. பிப்ரவரியில் உலகச் சுற்றுப்பயணம் தொடங்குகிறது. அது அந்த ஆண்டின் மிகப் பெரிய வசூல் கண்ட சுற்றுப்பயணமாகிறது. ஜூனில் டோனி விருது. ரசிகர்கள் இதில் மூன்று வெற்றிகளைப் பார்ப்பார்கள். என் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஜோடிக் கைகள்.

பாட்டு எழுதுபவர் இரவில் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரே வரியை நூறு விதமாக வாசித்துப் பார்க்கிறார். நாடகத்துக்கு இசையமைப்பவர் கணினித் திரையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குறிப்பெழுத, மணிக்கணக்கில் மவுஸைப் பிடித்திருக்கிறார். சுற்றுப்பயணம் போகிறவர் பெட்டி தூக்குகிறார், குளிரூட்டிய அரங்கில் விறைத்த விரல்களோடு மேடையேறுகிறார், நின்றபடி இரண்டு மணி நேரம் வாசிக்கிறார். "நாளுக்கு எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டால் மேடை நேரத்தை மட்டும்தான் சொல்கிறார்கள். கணினியில் போன நேரம் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. பெட்டி தூக்கியதும் வருவதில்லை. கை மட்டும் எல்லாவற்றையும் கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே மூன்று தொழிலையும் ஒரே தாளில் எழுதி வரச் சொல்கிறேன். ஒரு வாரக் கணக்கு எழுதியதும் பலர் தாங்களாகவே எங்கே தவறு நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டே குறும்படங்களுக்கும் மேடை நாடகங்களுக்கும் இசையமைக்கும் இளைஞர் ஒருவர் வலது மணிக்கட்டு வலியோடு வந்திருந்தார். கட்டை விரல் பக்கம் தொட்டாலே சுளீரென்றது. அடுத்த முறை கீபோர்டுகளையும் ஸ்டாண்டையும் எடுத்துவரச் சொன்னேன். சிகிச்சை அறையிலேயே, மேடையில் நிற்பதுபோல நிறுத்தி வைத்தார். இரண்டடுக்கு ஸ்டாண்டு. கீழே உள்ள கீபோர்டு இடுப்புக்கு நேரே சரியாக இருந்தது. மேலே இருந்ததோ ஏறக்குறைய மார்புக்கு நேரே, தட்டையாக. அதை வாசிக்கும்போது முழங்கை வெளியே பறந்தது, மணிக்கட்டு பக்கவாட்டில் வளைந்து நின்றது. தனி வாசிப்பு முழுவதும் அந்த மேல் கீபோர்டில்தான். மேல் தட்டைக் கொஞ்சம் இறக்கி, அவரை நோக்கிச் சாய்த்துவைத்தோம், தோள் தாழ்ந்தது. ஸ்பிளின்டும் ஓய்வும் பயிற்சியும் தேவைப்பட்டனதான். ஆனால் ஸ்டாண்டை மாற்றாமல் அவை எதுவும் நிலைத்திருக்காது.

எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்று கேட்கிறார்கள். வாசித்து முடித்ததும் தீர்ந்துவிடும் களைப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. அடுத்த நாள் காலையிலும் நீடிக்கும் வலி வேறு. கட்டை, ஆள்காட்டி, நடு விரல்கள் இரவில் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டு எழுந்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் முழங்கையைப் பார்க்க வேண்டும். மடித்த முழங்கையோடு மணிக்கணக்கில் கணினி முன்னால் உட்காருபவர்களிடம் இதை அதிகம் காண்கிறேன்.

வலியே இல்லாத ஒரு நோயும் இருக்கிறது. என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான். மற்ற எல்லா வேலைகளையும் விரல் ஒழுங்காகச் செய்யும். கட்டையில் வைத்ததும் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாக உள்ளே சுருண்டுகொள்ளும். இதற்கு மருத்துவத்தில் ஃபோகல் டிஸ்டோனியா என்று பெயர். பழுது விரலில் இல்லை. அந்த விரலை ஆளும் மூளையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃபிளைஷர் 1960களில் இதனால் வலது கையின் பயன்பாட்டை இழந்தார். இடது கைக்கென எழுதப்பட்ட இசையை வாசித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், மாணவர்களை உருவாக்கினார். 1990களில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி உள்ளிட்ட சிகிச்சைகளுக்குப் பிறகு இரு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார். ராக் இசையின் பெரும் கீபோர்டு கலைஞர்களில் ஒருவரான கீத் எமர்சனும் நரம்புப் பாதிப்போடும் இதே நோயோடும் பல ஆண்டுகள் போராடினார். கை பழையபடி ஒத்துழைக்கவில்லை என்ற துயரம் 2016இல் அவர் இறக்கும்வரை தீரவில்லை. விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றதும் கலைஞர்கள் முதலில் செய்வது இன்னும் அதிகமாகச் சாதகம் செய்வது. இந்த நோய்க்கு அது எண்ணெய் ஊற்றுவதாகவே முடியும். உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மனம் சோர்ந்து இருள்வதுபோல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கையை இழக்கும் பயம் கலைஞனை உள்ளுக்குள் எவ்வளவு அரிக்கும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்தும் கலைஞர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள்? இடம் போய்விடும் என்ற பயம்தான். கைவலி என்று சொன்னால் அடுத்த கச்சேரிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இந்தப் பயத்தில் நியாயம் இருப்பதால், அறிவுரையை மட்டும் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். மேடைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கும் ஒவ்வொரு கலைஞருக்கும் அந்த இசையை முன்கூட்டியே கற்று வைத்திருக்கும் மாற்றுக் கலைஞர்கள் உண்டு. ஒருவர் ஓய்வெடுத்தால் மாற்றுக் கலைஞர் வந்து உட்காருவார். மறுவாரம் உரியவர் தன் நாற்காலிக்குத் திரும்புவார். இசைக் கலைஞர்களின் தொழிற்சங்க ஒப்பந்தமும் இதற்கு இடம் தருகிறது.

நம் குழுக்களில் அப்படி எழுதிவைத்த ஏற்பாடு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் தொடங்குவதற்குச் சங்கம் தேவையில்லை. ஒரே ஊரில் வாசிக்கும் இரண்டு கீபோர்டு கலைஞர்கள் தங்கள் குறிப்புகளையும் ஒலித் தேர்வுகளையும் பகிர்ந்துகொண்டு, ஒருவர் கை ஓய்வில் இருக்கும்போது மற்றவர் வாசிப்பார், குணமானதும் இடம் உரியவருக்கே என்று பேசி வைத்துக்கொள்ளலாம். இதைக் குழுத் தலைவருக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். குழு நடத்துபவர்களே, முகூர்த்த மாதங்கள் தொடங்குவதற்கு முன் உங்கள் கீபோர்டு கலைஞரிடம் பேசி, மாற்றாக வாசிக்கக்கூடியவரின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.