பாடத்தின் ஓரத்தில் மாணவர் எழுதட்டும்

"படித்துவிட்டு வாருங்கள்" என்று கட்டுரையை அனுப்பிவிட்டால், யார் படித்தார், எந்த வரியில் தடுக்கி நின்றார் என்பது வகுப்பில் தெரிவதில்லை. ஒரே பிரதியில் எல்லாரும் ஓரக்குறிப்பு எழுதினால் தெரிந்துவிடும். ஹைப்பாதெசிஸ், ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் உள்ளிட்டோர் தொடங்கிய பெரூசல் ஆகியவை இதற்கான கருவிகள். போனில் படிக்கும் வகுப்புக்கு கூகுள் டாக்ஸ் கமென்ட்டே போதும். 'கமென்டர்' அனுமதி மட்டும் கொடுங்கள். 'எடிட்டர்' கொடுத்தால் யாராவது கைதவறிப் பத்தியையே அழித்துவிடுவார்கள்.

கோப்பில்தான் முதல் சிக்கல். ஜெராக்ஸை ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், வரியைத் தேர்ந்தெடுக்க முடியாது. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் எழுத்தாக மாறும். ஆனால் 'ர'வும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கலாம், ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றாமல் தொடங்காதீர்கள்.

அறுபது பேரை ஒரே கோப்பில் விட்டால், முதல் பத்துப் பேர் சொல்லக்கூடியதையெல்லாம் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் "அருமை" போடுவார்கள். பத்துப் பேருக்கு ஒரு நகல், ஆறேழு பக்கம், ஆளுக்கு இரண்டு குறிப்பு, ஒரு பதில். குறிப்புக்கும் பதிலுக்கும் தனித்தனிக் கெடு வையுங்கள். ஒரே கெடுவானால் எல்லாம் கடைசி நிமிடத்தில் வந்து குவியும். பதில் எழுத யாருக்கும் நேரமிருக்காது. ஹைப்பாதெசிஸில் தனிக்குழு தேர்வு செய்யாவிட்டால் குறிப்பு பொதுவெளிக்குப் போய்விடும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

"கருத்து எழுதுக" என்பது கேள்வியே அல்ல. பொருளியல் கட்டுரையில் "வேலையின்மை விகிதம் குறைந்தது" என்ற வரியைச் சுட்டி, "இதில் யாரெல்லாம் கணக்கில் இல்லை?" என்று கேளுங்கள். வேலை தேடுவதையே விட்டவர்கள் அந்த விகிதத்தில் சேர்வதில்லை என்பதை ஒருவர் பிடித்தால், வீட்டு வேலை செய்யும் பெண்கள் எங்கே என்று அடுத்தவர் கேட்பார். சொல்லைச் சுட்டாமல் பத்தியின் 'முக்கியத்துவத்தை வலியுறுத்தும்' குறிப்பு பெரும்பாலும் சாட்ஜிபிடி வேலை.

கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும் குறிப்பைத் தமிழில் எழுத விடுங்கள். மொழிப் பயத்தில் ஒளிந்திருக்கும் சந்தேகங்கள் அப்போதுதான் வெளியே வரும். மதிப்பெண் 0, 1, 2 போதும்; சொற்களை எண்ண வேண்டாம். முந்தைய இரவே குறிப்புகளைப் படித்து, அதிகம் பேர் குழம்பிய இரண்டு வரிகளிலிருந்து வகுப்பைத் தொடங்குங்கள், குழம்பியவர் பெயரைச் சொல்லாமல். ஆசிரியர் படிப்பதில்லை என்று தெரிந்தால் மூன்றாம் வாரமே எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.