மாசிக்காய் அமிலமும் 457 முகங்களும்

1843 மே மாதம் எடின்பரோவில் நூற்றுக்கணக்கான பாதிரியார்கள், சபைக்குப் போதகரை நியமிப்பதில் நிலப்பிரபுக்களும் நீதிமன்றங்களும் தலையிடுவதை எதிர்த்து, சம்பளம், வீடு எல்லாவற்றையும் உதறிவிட்டு ஸ்காட்லாந்து திருச்சபையிலிருந்து வெளியேறினார்கள். அதில் நெகிழ்ந்துபோன ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், அவர்கள் விலகல் பத்திரத்தில் கையெழுத்திடும் காட்சியை 11 அடிக்கு மேல் அகலமான ஓவியமாக வரைய முடிவெடுத்தார். கடைசியில் அதில் 457 முகங்கள். ஆனால் அத்தனை பேரும் ஊர் திரும்பிவிட்டால் யாரைப் பார்த்து வரைவது?

ஒளியியல் அறிஞர் டேவிட் புரூஸ்டர் ஒரு வழி சொன்னார்: கேலோடைப், அதாவது தாளில் புகைப்படம் எடுக்கும் அன்றைய முறை. அதில் தேர்ந்த 22 வயது ராபர்ட் ஆடம்சனையும் அறிமுகப்படுத்தி வைத்தார்.

எழுதும் தாளில் வெள்ளி நைட்ரேட், அப்புறம் பொட்டாசியம் அயோடைடு பூசினால் தாளிலேயே வெள்ளி அயோடைடு படியும். படமெடுக்கும் முன் அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டும் கேலிக் அமிலமும் கலந்து தடவ வேண்டும் (நாட்டு மருந்துக் கடை மாசிக்காயில் இருக்கிறதே, அதே அமிலம்தான்). ஒளி பட்ட இடங்களில் சில வெள்ளி அயனிகள் எலக்ட்ரான் பெற்று உலோக வெள்ளியாகின்றன, அதுவும் மிகச் சில அணுக்கள்தான், எனவே கேமராவிலிருந்து எடுத்த தாளில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. மறுபடி அதே கலவையைத் தடவி இளஞ்சூடு காட்டினால், பாலில் விட்ட உறைமோர் மாதிரி அந்தத் துளிகளைப் பற்றிக்கொண்டு வெள்ளி திரளத் தொடங்குகிறது, முகம் மெல்ல மேலெழுகிறது! எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். இதற்கு முன்பு தாள் வெயிலில் தானாகவே கறுக்கும்வரை, சில சமயம் ஒரு மணி நேரம்கூட, காத்திருக்க வேண்டியிருந்தது. இதிலோ நல்ல வெயிலில் சில நிமிடங்கள் போதும்.

அந்தச் சில நிமிடமும் அசையக் கூடாதே. அதனால்தான் ஹில்லும் ஆடம்சனும் எடுத்த படங்களில் பலர் கன்னத்தில் கைவைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படிக் கிடைப்பது வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிய நெகட்டிவ். அதை உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் ஏறிய இன்னொரு தாள்மேல் வைத்து வெயில் காட்டினால் சரியான படம் வரும். தாளின் நார் வழியே ஒளி சிதறுவதால் கரிக்கோல் ஓவியம் போன்ற மென்மை. வெள்ளி அயோடைடு நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக மசியும், சிவப்பு அதற்கு இருட்டு, ஆகவே சிவந்த முகங்கள் கருத்துத் தெரிகின்றன.

ஓவியம் முடிந்தது 1866-இல். உண்மையைச் சொன்னால் அதில் தலைகள் நெருக்கியடித்து நிற்கின்றன, உயிர் இருப்பது அந்தச் சின்னப் படங்களில்தான். ஆடம்சன் 1848-லேயே, 26 வயதில், இறந்துவிட்டார். ஓவியத்துக்குள் அவரும் இருக்கிறார், கேமராவோடு.