'வெளிநாட்டுச் செல்வாக்கு' அல்ல, 'வெளிநாட்டுப் பிடி'

திருக்கடலூரில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா போன கிழமை ஃபோனும் கையுமாக வந்தார். அமெரிக்கக் குடியுரிமை எடுத்த மகன், அங்கே அரசாங்க இரகசியங்களைக் கையாளும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்து, தாயின் பிறந்த திகதியையும் விலாசத்தையும் கேட்டிருக்கிறார். யாரோ அனுப்பிய தமிழ் விளக்கத்தில் ஒரு வரி: 'வெளிநாட்டுச் செல்வாக்கு உள்ளவர்களுக்கு அனுமதி மறுக்கப்படலாம்.'

"எங்களுக்கு என்ன தம்பி செல்வாக்கு? கிராம சேவகரிட்ட ஒரு கையெழுத்துக்கே ரெண்டு நாள் அலைஞ்சன்."

அக்கா சரியாகத்தான் வாசித்திருக்கிறார். பிழை மொழிபெயர்த்தவருடையது. எத்தனையோ இடத்தில் பார்த்துச் சலித்த பிழை.

ஆங்கில மூலத்தில் இருப்பது 'ஃபொரின் இன்ஃப்ளுவென்ஸ்'. அந்த 'இன்ஃப்ளுவென்ஸ்' லத்தீனில் 'உள்ளே பாய்தல்'. நட்சத்திரங்களின் சக்தி மனிதருக்குள் பாய்ந்து அவர் போக்கை மாற்றும் என்று ஐரோப்பாவில் நம்பிய காலத்துச் சொல், நம் கிரகப் பார்வை மாதிரி. அவ்வளவுதான்.

செல்வாக்கு அப்படியல்ல. எவருடைய வாக்குச் செல்லுமோ அவருக்கு இருப்பது அது. 'செல்வாக்குள்ள வேட்பாளர்' என்றால் பலம் அவர் பக்கம். அமெரிக்க விதி சொல்வது நேர்மாறு. இரகசியங்களைக் கையாள ஒருவருக்கு அனுமதி கொடுக்கலாமா என்று தீர்மானிக்க, 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த 13 வழிகாட்டல்களில் இது இரண்டாவது. வெளிநாட்டில் இருக்கும் தாய், தகப்பன், சகோதரரை வைத்து இவரை யாராவது மிரட்டவோ, ஆசை காட்டி வளைக்கவோ முடியுமா என்பதே அதன் கேள்வி. எந்த நாடு, அந்த உறவினர் அங்கே அரசாங்கத்தில் என்ன பதவியில் இருக்கிறார், உறவு எவ்வளவு நெருக்கம், அமெரிக்காவில் இவர் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறார் என்றெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் தாய் இருப்பதால் மட்டும் மறுப்பதில்லை.

'செல்வாக்குச் செலுத்துதல் என்று எழுதுகிறோமே' என்று கேட்பார்கள். அதில் பிழையில்லை, செலுத்துவது யார் என்று தெரிகிறது. 'செல்வாக்கு உள்ளவர்' என்றதும் ஆள் மாறிவிடுகிறது, நெருக்கப்படக்கூடியவர் பெரும்புள்ளியாகிவிடுகிறார். சிலர் 'ஆதிக்கம்' என்கிறார்கள். விசாரிக்க முன்னமே தீர்ப்பு எழுதிவிடும் சொல் அது. 'தாக்கம்' நடந்து முடிந்ததைச் சொல்லும். விதியோ நடக்கக்கூடியதைப் பற்றியது.

நான் 'வெளிநாட்டுப் பிடி' என்பேன். 'அவன்ட பிடி இவன்ட கையில' என்று நாம் பேசுகிறோம்தானே? பக்கத்திலேயே 'பிடிப்பு' என்ற சொல்லும் இருக்கிறது. தாயில் மகனுக்கு இருப்பது பிடிப்பு. அதை மூன்றாம் ஆள் முறுக்கினால் பிடி. விதியின் முழுக் கருத்தும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், அதை வாசிக்கப்போகும் தாயை ஒரு நிமிஷம் நினைத்தால் போதும்.

அக்கா கடைசியாகக் கேட்டது: "அப்ப நான் அவனோட கதைக்கிறதைக் குறைக்கவோ?"

வேண்டாம் என்றேன். தாய் எந்த நாட்டில் இருந்தாலும் படிவத்தில் எழுதத்தான் வேண்டும், மறைத்தால்தான் வில்லங்கம் என்று சொன்னேன். அப்புறம் பிறப்புச் சான்றிதழைத் தேட வீட்டுக்குப் போனார்.