ஜூலை 10க்கு என்ன விசேஷம்?

குடியாத்தத்தில் இருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "ஐயா, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி நடந்தது 1806 ஜூலை 10. நிக்கோலா டெஸ்லா பிறந்தது 1856 ஜூலை 10, சரியாக 50 வருடம் கழித்து. அட்லாண்டிக் கடலைத் தாண்டி டிவி படத்தை அனுப்பிய டெல்ஸ்டார் செயற்கைக்கோளை ஏவியது 1962 ஜூலை 10. இதெல்லாம் தற்செயலா? எண் கணிதம் பார்க்கும் எங்கள் மாமா, 10ஐக் கூட்டினால் 1, அது சூரியன் ஆதிக்கம் என்கிறார்."

மாமாவிடம் இன்னொன்றைச் சொல்லிவிடாதீர்கள். பூமியில் இதுவரை பதிவானதிலேயே அதிக வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கும் 56.7 டிகிரி செல்சியஸ், அமெரிக்காவின் டெத் வேலியில் 1913ல் அளக்கப்பட்டது. தேதி ஜூலை 10. கேட்டால் விடவே மாட்டார். சுனில் கவாஸ்கர் பிறந்தநாளும் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆம்பூரில் ஒரு கல்யாணம். பிரியாணிக்குக் காத்திருக்கும் பந்தியில் 23 பேர். அதில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்குமா? 365 நாள், 23 பேர், எங்கே இருக்கப் போகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல், 50.7 சதவீதம். 40 பேர் உள்ள வகுப்பறை என்றால் 89 சதவீதம்.

கணக்கு பிளஸ் டூ நிகழ்தகவுதான். முதல் ஆளுக்கு எந்தத் தேதியும் சரி. இரண்டாவது ஆள் அவரோடு மோதாமல் இருக்க வாய்ப்பு 364/365. மூன்றாவது ஆள் இருவரோடும் மோதாமல் இருக்க 363/365. இப்படியே 23வது ஆளின் 343/365 வரை பெருக்கினால் 0.493 வரும். யாரும் யாரோடும் மோதாத வாய்ப்பு அது. ஒன்றிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பலரும் படித்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது இதன் உள்ளே இருக்கும் இன்னொரு எண். பந்தியில் முதல் ஆள் மற்ற 22 பேரோடு தேதியை ஒப்பிடலாம். அடுத்தவருக்குப் புதிதாக 21 ஒப்பீடு, அதற்கடுத்தவருக்கு 20. எல்லாவற்றையும் கூட்டினால் 253 ஜோடிகள். ஆட்கள் 23தான், ஆனால் மோதல் நடக்க 253 இடம் இருக்கிறது.

இப்போது கேள்வியை மாற்றுவோம். யாரோ இரண்டு பேர் வேண்டாம், உங்கள் பிறந்தநாளே இன்னொருவருக்கும் இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பு கிடைக்க எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? 365ல் பாதி, 183 என்று பதில் சொல்லத் தோன்றும். அது போதாது, ஏனென்றால் அந்த 183 பேருக்குள்ளேயே பலர் ஒரே தேதியைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். 364/365ஐத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டே போய்ப் பாருங்கள். பாதிக்குக் கீழே இறங்குவது 253வது தடவையில். அதே 253! குறிப்பிட்ட ஒரு தேதி வேண்டும் என்றால் 253 பேர் தேவை. ஏதோ ஒரு தேதி மோதினால் போதும் என்றால் 23 பேரே 253 ஜோடிகளாகி அந்த வேலையைச் செய்துவிடுகிறார்கள். கால்குலேட்டரை எடுத்து ஒரு தடவை செய்து பாருங்கள், அந்தச் சுகமே தனி.

மாணவியின் கேள்வி 'குறிப்பிட்ட ஒரு தேதி' வகை மாதிரி தெரிகிறது, ஜூலை 10 என்று ஒரே தேதியைச் சொல்வதால். ஆனால் ஜூலை 10ஐ யாரும் முன்கூட்டியே குறித்துவைத்துவிட்டுத் தேடவில்லை. மோதியதைப் பார்த்த பிறகுதான் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டோம். அதுவும் வரலாற்றில் இருப்பது 23 சம்பவங்களா? 3,650 சம்பவங்களை எடுத்தாலே சராசரியாக ஒரு தேதிக்குப் பத்து விழும். ஜூலை 11க்கும் நாளைக் காலையிலேயே ஒரு பட்டியல் தயாரிக்கலாம். மாமா 11ஐக் கூட்டினால் 2, சந்திரன் என்பார்.

இந்தக் கணக்கில் எல்லா நாளும் சமம் என்று எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் அப்படி இல்லை. நம் ஊரில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களின் சான்றிதழைப் பார்த்தால் மே, ஜூன் பிறந்தநாளாகக் குவிந்திருக்கும். ஜூனில் பள்ளியில் சேர்க்க வயது சரியாக வரும்படி வாத்தியார் போட்ட தேதி அது. இப்போது நல்ல நேரம் பார்த்து சிசேரியன் செய்கிறார்கள். நாட்கள் எந்த விதத்தில் சமமில்லாமல் போனாலும் மோதல் வாய்ப்பு கூடத்தான் செய்யும், குறையாது. ஒரே நட்சத்திர நேரத்துக்குப் பத்துக் குடும்பங்கள் போட்டி போட்டால், அந்தக் குழந்தைகள் ஒரே நாளில் பிறப்பதற்குக் காரணம் கிரகம் அல்ல, ஆபரேஷன் தியேட்டர் பட்டியல்.

வேலூர்ப் புரட்சியின் தேதியும் வானத்திலிருந்து விழவில்லை. தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிய புதிய ராணுவ உத்தரவுகளால் சிப்பாய்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு குடும்பத்தில் ஜூலை 9 அன்று ஒரு மகளுக்குத் திருமணம். கூட்டம் கூடுவதற்கு அது நல்ல சாக்கு. மறுநாள் விடியுமுன் துப்பாக்கி வெடித்தது. மக்கான் பக்கம் இருக்கும் நினைவுத் தூணில் நாம் வருடாவருடம் ஜூலை 10 அன்று மாலை போடுவதில் அந்தக் கல்யாணத் தேதிக்கும் பங்கு உண்டு.

டெஸ்லா விஷயம் வேறு. அவருடைய அப்பா செர்பிய ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். அந்தத் திருச்சபை பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டிப்படி டெஸ்லா பிறந்தது ஜூன் 28! ஜூலியன் வருடம் 365.25 நாள், சூரிய வருடம் சுமார் 365.2422 நாள். வருடத்துக்குப் பதினொரு நிமிடம் எகிறி, 128 வருடத்துக்கு ஒரு நாள் பிசகும். 1582ல் போப் கிரிகோரி அதைச் சரிசெய்தார். எல்லோரும் உடனே மாறவில்லை. 1856ல் இரண்டு நாட்காட்டிக்கும் இடைவெளி 12 நாள், ஆகவே ஜூன் 28 ஜூலை 10 ஆனது. "கலிலியோ இறந்த 1642லேயே நியூட்டன் பிறந்தார்" என்று மேடைக்கு மேடை சொல்வதும் இரண்டு நாட்காட்டிகளைக் கலந்த சமையல்தான். கிரிகோரியன் கணக்கில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

இதற்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. பிரிட்டன் மாறியது 1752ல். அந்த வருடம் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. பிரெஞ்சுக்காரர்கள் எப்போதோ மாறிவிட்டார்கள். அதனால் அதுவரை சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் 11 நாள் வித்தியாசம். 1746ல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்தது ஆங்கில ஆவணத்தில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஆவணத்தில் செப்டம்பர் 21. கிளைவ் சிக்கிக்கொண்ட ஆற்காட்டு முற்றுகை நடந்தது 1751ல், அதாவது மாற்றத்துக்கு முந்தைய வருடம். அதன் தேதிகளை வைத்து 'ஒரே நாள்' பட்டியல் போடுகிறவர் முதலில் யாருடைய நாட்காட்டி என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக நம் ஜவ்வாது மலை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூர் வானாய்வகத்திலும் கவனித்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த மறைப்பில்தான். சின்ன மலைக்கிராமத்தில் ஒரு தொலைநோக்கிக்குச் செலவழித்ததால்தான் அந்தக் காட்சியில் நமக்கும் இடம் கிடைத்தது. சுற்றியுள்ள ஊர்களின் விளக்கு வெளிச்சத்திலிருந்து அந்த வானத்தைக் காப்பாற்றவாவது இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. யுரேனஸை ஹெர்ஷல் கண்டுபிடித்தது 1781 மார்ச் 13. மூன்றே நாள் தள்ளிப்போய்விட்டது! ஆனால் "கிட்டத்தட்ட அதே நாள்" என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? சொல்லலாம். அப்படி மூன்று நாள் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால், பாதிக்கு மேல் வாய்ப்பு வர 23 பேர்கூட வேண்டாம், 9 பேர் போதும். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் ஷேர் ஆட்டோவில் கேட்டுப் பாருங்கள்.