ஒன்றுவிட்ட ஒருநாள் பால்வெட்டும் ஆங்கிலச் சொற்களும்

குலசேகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "பிளஸ் டூ வரை தமிழ்வழி. இப்போது பாடநூலில் வரும் 'ஹைபாதிசிஸ்', 'அஸ்யூம்', 'கான்டெக்ஸ்ட்' எல்லாவற்றையும் பத்துப்பத்து தடவை எழுதிப் படிக்கிறேன். ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. எனக்கு மூளையில் ஏதாவது கோளாறா சார்?"

கோளாறெல்லாம் ஒன்றுமில்லை மக்களே. படிக்கிற முறைதான் தப்பு.

முதலில் மலைப்பைக் குறைத்துவிடுகிறேன். ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் கல்விசார் நூல்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களை அலசி, அவற்றில் அடிக்கடி வரும் கல்விசார் சொற்களுக்கு 2000-இல் ஒரு பட்டியல் போட்டார். மொத்தமே 570 சொற்குடும்பங்கள். 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனலிட்டிக்கல்' மூன்றும் ஒரே குடும்பம். பாடநூல் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

இனி எனக்குப் பிடித்த இடம். 2008-இல் கார்பிக்கி, ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஆப்பிரிக்க மொழியான ஸ்வாஹிலியின் 40 சொற்களைப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டால், ஒரு பிரிவினர் அதை மேலும் மேலும் படிக்கலாம், ஆனால் அதில் மறுபடி தேர்வு கிடையாது. இன்னொரு பிரிவினருக்கு மறுபடி படிப்பு கிடையாது, தேர்வு மட்டும் உண்டு. ஒரு வாரம் கழித்து முதல் பிரிவினருக்கு நினைவிருந்தது சுமார் 36 சதவீதம். இரண்டாம் பிரிவினருக்கு 80! வேடிக்கை என்னவென்றால், தங்களுக்குப் பாதியளவு நினைவிருக்கும் என்றுதான் எல்லாப் பிரிவினரும் கணித்திருந்தார்கள்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிற முகம், ஆனால் பெயர் வாயில் வராது. திரும்பத் திரும்பப் படிப்பது தருவது அந்த முகப்பழக்கத்தைத்தான். நினைவிலிருந்து தோண்டி எடுக்கும்போதுதான் எடுக்கிற வழி பலப்படுகிறது.

இடைவெளியும் வேண்டும். உங்கள் ஊரில் ரப்பர் மரத்தில் ஒன்றுவிட்ட ஒருநாள்தானே பால் வெட்டுவார்கள்? ஆனால் ஒரு வித்தியாசம்: இடைவெளியில் மரத்தில் பால் ஊறும், மூளையிலோ நினைவு வற்றும். வற்றியதைத் திணறி எடுப்பதில்தான் லாபமே.

தேர்வுக் காலத்தில் ஞாபகசக்தி லேகியத்துக்கும் மந்திரித்த பேனாவுக்கும் செலவழிக்கிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். வல்லாரைத் துவையல் ருசிக்காகச் சாப்பிடுங்கள், போதும். அந்தக் காசுக்கு ஒரு நோட்டு வாங்கலாம்.

தாளை நெடுக மடித்து, இடப்பக்கம் சொல், வலப்பக்கம் தமிழ்ப்பொருளும் நீங்களே எழுதிய ஒரு வாக்கியமும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். 'அஸ்யூம்' என்பதன் பொருள் நாக்கு நுனிவரை வந்து நின்றால், உடனே மடிப்பைப் பிரித்துவிடாதீர்கள். அரை நிமிடமாவது தவித்துவிட்டு, அப்புறம் பிரியுங்கள்.