‘இவோ ஜிமா’ என்றால் கந்தகத் தீவு

‘இவோ ஜிமா தீவு’ என்று யாராவது எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு நம்ம ஊர் ‘நடு சென்டர்’தான் ஞாபகம் வரும். ஜிமா என்றாலே தீவு. அதன் பின்னால் இன்னொரு தீவை ஒட்டினால் ‘கந்தகத் தீவுத் தீவு’ என்று ஆகிவிடும். சஹாரா பாலைவனம் என்று எழுதுகிறோமே, சஹாராவுக்கே பாலைவனம் என்றுதானே பொருள் என்று கேட்பீர்கள். சரிதான், பழகிப்போனது பழகிப்போனதுதான். ஆனால் இந்தப் பெயரில் ‘தீவு’ என்ற பாதியை வைத்தே ஒரு நீண்ட தகராறு நடந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

ஜப்பானிய மொழியில் தீவுக்கு ‘ஷிமா’. ஹிரோஷிமா அகன்ற தீவு, ஃபுகுஷிமா நற்பேற்றுத் தீவு. இன்னொரு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும்போது பல இடங்களில் இந்த ஷி மெலிந்து ஜி ஆகிவிடும். ‘காய்’ என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் ‘மாங்காய்’ என்று சொல்லிப் பாருங்கள், ககரம் எப்படி இளகுகிறதோ ஏறக்குறைய அந்தக் கதைதான். முன்பாதியான ‘இவோ’ கந்தகம். அதை இரண்டு சித்திர எழுத்துகளில் எழுதுகிறார்கள், முதல் எழுத்து கந்தகத்தைக் குறிப்பது, இரண்டாவது எழுத்துக்குப் பொருள் மஞ்சள். நாட்டு மருந்துக் கடையில் நெல்லிக்காய்க் கந்தகம் வாங்கியவர்களுக்கு அந்த இரண்டாவது எழுத்து ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

காரணப்பெயர்தான், சந்தேகமே வேண்டாம். டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1,200 கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக்கில் கிடக்கும் எரிமலைத் தீவு அது. 1945-இல் பரப்பு ஏறக்குறைய இருபது சதுர கிலோமீட்டர். பல இடங்களில் தரையிலிருந்து ஆவி கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 1779-இல் கேப்டன் குக் இறந்த பிறகு அவருடைய கப்பல்கள் அந்த வழியாகத் திரும்பியபோது ஆங்கிலேயர்களும் அதற்கு ‘கந்தகத் தீவு’ என்றே அவர்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். நம் ‘கந்தகம்’ என்ற சொல்லிலும் அதே மூக்குதான் வேலை செய்திருக்கிறது: வடமொழியில் கந்தம் என்றால் மணம், அதிலிருந்து வந்தது கந்தகம். சித்தர் பாடல்களில் கெந்தகம், கெந்தி என்றெல்லாம் வரும். தூய தமிழில் வேறு சொல் தேடிச் சிரமப்படுவதில் எனக்கு ஆர்வமில்லை, ‘கந்தகத் தீவு’ நன்றாகவே இருக்கிறது.

தெற்கு முனையில் 169 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று நிற்கிறது, பெயர் சுரிபாச்சி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் இந்தத் தீவுக்காக மோதிய கதைகளில் இந்தப் பெயர் ஏதோ பயங்கரமான ஆயுதம் மாதிரி ஒலிக்கும். உண்மையில் அது சமையலறைச் சாமான். உள்பக்கம் முழுக்கக் கோடு கோடாக வரி போட்ட மண் கிண்ணம், எள்ளைக் கொட்டி மரக்குழவியால் அரைப்பார்கள். நம் வீட்டில் கீரை கடையும் மண்சட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள், உள்ளே அதே மாதிரி சொரசொரப்பு இருக்கும். எரிமலை வாய் குழிந்த மலையைக் கவிழ்த்து வைத்த சட்டியாக யாரோ பார்த்திருக்கிறார்கள். ‘கீரைச்சட்டி மலை’ என்று மொழிபெயர்த்தால் சிரிப்பார்கள், ஆனால் பொருள் அவ்வளவு விலகாது.

அந்தச் சட்டி மேல்தான் 1945 பிப்ரவரி 23 அன்று ஆறு அமெரிக்க வீரர்கள் கொடிக்கம்பத்தை நிமிர்த்தினார்கள், அசோசியேட்டட் பிரஸ் படக்காரர் ஜோ ரோசென்தால் அதைப் படம் பிடித்தார். அந்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கிய படம், 1954-இல் ஆர்லிங்டனில் வெண்கலச் சிலையாகவும் எழுந்தது. பலர் அதைப் பார்த்துவிட்டு ஜெயித்த பிறகு ஏற்றிய கொடி என்று நினைக்கிறார்கள். இல்லை. பிப்ரவரி 19-இல் தரையிறங்கினார்கள், கொடி ஏற்றியது ஐந்தாம் நாள், சண்டை முடிந்தது மார்ச் 26-இல். மொத்தம் 36 நாள். படத்தில் இருக்கும் ஆறு பேரில் மூன்று பேர் அந்தத் தீவை விட்டு உயிரோடு போகவில்லை. அன்று காலையிலேயே சின்னக் கொடி ஒன்றை ஏற்றியிருந்தார்கள், படத்தில் இருப்பது இரண்டாவது கொடி. அந்த ஆறு பேர் யார் யார் என்பதே 2016-இலும் 2019-இலும் திருத்தப்பட்டது, அதாவது எழுபது வருடத்துக்கு மேல் தப்பான பெயர்களோடு உலகம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தனை சின்னத் தீவுக்கு எதற்கு அவ்வளவு அடிதடி என்றால், விமான ஓடுதளம். மரியானா தீவுகளிலிருந்து ஜப்பானைக் குண்டுவீசப் போகும் பி-29 விமானங்களுக்குச் சரியாகப் பாதி வழியில் இருந்தது இது. ஜப்பானியத் தளபதி தடாமிச்சி குரிபாயாஷி கடற்கரையில் மோதவில்லை, மலைக்கும் பாறைக்கும் அடியில் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் வெட்டிக் காத்திருந்தார். வந்திறங்கியவர்களுக்கு முதல் எதிரி கரைதான்: கறுப்பு எரிமலைச் சாம்பல் மணல், கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும், பதுங்கலாம் என்று குழி தோண்டினால் நெல் குவியலில் பள்ளம் பறித்த மாதிரி சரிந்து மூடிக்கொள்ளும். சுமார் 21,000 ஜப்பானியர்களில் மிகப் பெரும்பாலோர் செத்தார்கள், சண்டை நடந்த நாட்களில் பிடிபட்டவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். அமெரிக்கர்கள் ஏறக்குறைய 7,000 பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஓடுதளம் இவ்வளவு உயிருக்குத் தகுமா என்று அமெரிக்காவிலேயே இன்றுவரை வாதம் நடக்கிறது.

இனி அந்தப் பெயர்த் தகராறு. தீவில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. கரும்பு பயிரிட்டு, கந்தகம் வெட்டி, ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 1944-இல் அவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, ஆண்களில் நூறு பேர் அளவுக்கு வேலைக்கென்று நிறுத்திக்கொண்டது ராணுவம். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் தீவை ஒருபோதும் இவோ ஜிமா என்று சொன்னதில்லை. ஒரே சித்திர எழுத்தை ஜப்பானியர்கள் இரண்டு விதமாக வாசிக்கலாம், சொந்த மொழிச் சொல்லாக ‘ஷிமா’, சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பில் ‘தோ’. ஊர்க்காரர்கள் வாசித்தது இரண்டாவது விதம், ‘இஓ-தோ’ என்று. அரண் அமைக்க வந்த ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் மாற்றி வாசித்துவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அமெரிக்கர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள், படம் உலகமெல்லாம் போனது, தப்பான வாசிப்பு நிலைத்துவிட்டது. தீவை 1968-இல் அமெரிக்கா திருப்பிக் கொடுத்தது. 2006-இல் ஹாலிவுட்டில் இந்தச் சண்டையைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு படங்கள் வந்து ‘இவோ ஜிமா’ என்ற பெயரே மறுபடி முழங்க, ஊர்க்காரர்களின் மனக்குறை மேலே வந்தது. 2007 ஜூனில் ஜப்பான் அரசு ஊர்க்காரர்களின் வாசிப்பையே அதிகாரபூர்வமாக்கியது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, வாய் மட்டும் மாறியது. அமெரிக்க முன்னாள் வீரர்கள் சிலருக்குக் கோபம், அவர்கள் ரத்தம் சிந்தியது வேறு பெயரில் அல்லவா.

தமிழில் எப்படி எழுதுவது? இகரத்துக்குப் பின் ஓகாரம் வந்தால் நடுவில் யகரம் வரும் என்பது நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும், ‘இ ஈ ஐ வழி யவ்வும்’. ஆக ‘இயோ’. ‘தோ’வை அப்படியே எழுதினால் மெலிந்து ஒலிக்கும், கியோட்டோ எழுதிப் பழகிய கை ‘இயோட்டோ’ என்றுதான் எழுதும். என் பழக்கம் இது: தீவைச் சொன்னால் இயோட்டோ, அல்லது கந்தகத் தீவு. 1945-ஐச் சொன்னால் இவோ ஜிமா, ஏனென்றால் வரலாற்றில் அந்தச் சண்டைக்கு அந்தப் பெயர்தான். ‘இவோ ஜிமா போர்’ என்பதைவிட ‘இவோ ஜிமா சண்டை’ மேல், போர் என்பது முழு உலகப் போருக்கும் வேண்டிய சொல். ஈழத்தில் ‘சமர்’ என்கிறார்கள். ஒரு களத்தில் நடந்த மோதலுக்கு அதைவிடக் கச்சிதமான சொல் நம்மிடம் இல்லை, ‘இவோ ஜிமாச் சமர்’ என்றே எழுதலாம்.

நினைவேந்தலுக்கு வருவோம். 1985-இல், நாற்பதாம் ஆண்டில், இரண்டு பக்கத்து முன்னாள் வீரர்களும் அந்தக் கரையிலேயே சந்தித்தார்கள். அதன் நினைவாக ஒரு கல் நிற்கிறது: கடலைப் பார்த்த பக்கம் ஆங்கிலம், தீவின் உட்பக்கத்தைப் பார்த்த பக்கம் ஜப்பானியம். யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்களோ அந்தப் பக்கம் அவர்கள் மொழி. கூட்டு நினைவு நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது, 2025-இல் எண்பதாம் ஆண்டுக்கு ஜப்பான் பிரதமரே போயிருந்தார்.

ஜப்பானியர்கள் இங்கே நினைவுக் கல்லுக்குப் பூவோடு தண்ணீரும் ஊற்றுவார்கள். தீவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது, மழைத் தண்ணீர்தான். கொதிக்கும் சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் தாகத்தில் தவித்தே செத்தார்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் படிகளில் ஒன்று ‘நீர்ப்படை’, கல்லை நீராட்டுவது. நமக்கு அது சடங்கின் பெயர், அங்கே செத்தவனுக்குக் குடிக்கக் கொடுப்பது. செத்தவர்களில் பாதிப் பேரின் எலும்பு இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஊர்க்காரர்களை மட்டும் குடியேற விடவில்லை. தீவு இப்போது ஜப்பானியத் தற்காப்புப் படையின் தளம். அங்கே பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அனுமதி வாங்கி, குறித்த நாளில் வந்து, முன்னோருக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.