என்சலடஸ் கடலில் மீன் வரையாதீர்கள்

கோளரங்கத்தில் காட்சி முடிந்ததும் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொள்ளும் பத்து நிமிடத்துக்காகவே இந்த வேலையில் இருக்கிறேன். போன வாரம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் சார்ட்டை விரித்துக் காட்டினாள். சனியின் துணைக்கோள் என்சலடஸ். பனி ஓட்டுக்கு அடியில் கடல், கடலில் மீன்கள். மேலே சிவப்பு மையில் 'உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது'. பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசாம். இந்த மாதத்தில் இது மூன்றாவது சார்ட்.

அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. என்சலடஸில் உயிர் கிடைத்துவிட்டது என்று சொல்லும் வீடியோவை எடுத்தவர்கள் மேலும், முழுசாகப் பார்க்காமல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிட்ட பெரியவர்கள் மேலும்தான்.

சரி, தெரிந்தது என்ன? என்சலடஸின் குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர். அதன் தென்துருவத்தில் புலிவரி போல நான்கு பிளவுகள். அங்கிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005-இல், சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் கண்டது. பிறகு அந்தப் பீறிடலுக்குள்ளேயே புகுந்து பறந்தது. உப்பு, கரிமச் சேர்மங்கள், ஹைட்ரஜன் என்று ஒவ்வொன்றாகச் சிக்கின. காசினி 2017-இலேயே முடிந்துபோனது. ஆனாலும் அதன் பதிவுகளைத் துருவி, 2023-இல் பாஸ்பேட்டையும் கண்டுபிடித்தார்கள். நம் எலும்பிலும் மரபணுவிலும் இருக்கும் அதே பாஸ்பேட். இதைவிட என்ன அதிசயம் வேண்டும்?

ஆனால் இது உயிர் அல்ல. அரிசியும் உளுந்தும் தண்ணீரும் ஒரே வீட்டில் இருப்பதாலேயே இட்லி வெந்துவிட்டது என்று இலை போட்டு உட்கார மாட்டோம். 'உயிர் வாழத்தக்க' என்று விஞ்ஞானிகள் எழுதுவது, நம் செய்தித் தலைப்புக்கு வரும்போது 'உயிர் வாழும்' ஆகிவிடுகிறது. தக்க என்ற ஒரு சொல் போனதும் அர்த்தமே போய்விடுகிறது. இதேபோல் பனிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்று கருதப்படும் வியாழனின் துணைக்கோள் யுரோப்பாவை ஆராய 2024 அக்டோபரில் கிளம்பிய யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல்தான் வியாழனை அடையும். அதுகூட உயிரைத் தேடிப் போகவில்லை. அங்கே உயிர் வாழ முடியுமா என்று பார்க்கத்தான் போகிறது. என்சலடஸின் பனிக்கு அடியில் இதுவரை எந்தக் கேமராவும் எட்டிப் பார்த்ததில்லை.

காசினியை ஏன் சனிக்குள் விழவைத்தார்கள் தெரியுமா? பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர் ஏதாவது என்சலடஸ் கடலில் கலந்துவிடக் கூடாது என்று. இந்தத் துறையில் இருப்பவர்கள் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். நாம் ஒரு ஃபார்வர்டுக்கு முன் ஒரு நிமிடம் நிற்கக் கூடாதா?

படம் விண்கலம் எடுத்ததா, ஓவியர் வரைந்ததா என்று பாருங்கள். 'இருக்கலாம்', 'வாய்ப்பு' என்ற சொற்களைத் தாண்டி ஓடாதீர்கள். விண்கலத்தின் பெயரும் ஆண்டும் இல்லாத செய்தியை அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆசிரியர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: சந்தேகம் வந்தால் பக்கத்தில் உள்ள கோளரங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள், பரிசை அறிவிப்பதற்கு முன்பே.